கம்பளிக்குச் சாயமேற்றுவது நூற்பதற்கு முன்பா, பின்பா?

கேள்வி:
வணக்கம். வசந்த காலத்தில் கத்தரித்த ஆட்டு ரோமம் கொஞ்சம் கிடைத்திருக்கிறது. அதைத் தக்ளியில் நூற்று, இப்போது பூத்திருக்கும் டான்டிலியன் பூக்களைக் கொண்டு வீட்டிலேயே மஞ்சள் சாயமேற்ற விரும்புகிறேன். ரோமமாக இருக்கும்போதே சாயமேற்றுவது நல்லதா, நூலான பிறகா? கொதிநீரில் கம்பளி திரண்டுவிடும் என்கிறார்களே, அதற்கு என்ன செய்வது?

பதில் 1:
ஒரே சீரான நிறம் வேண்டுமானால் நூற்ற பிறகு சாயமேற்றுங்கள். பல நிறங்களைக் கலந்து வாரி நூற்க வேண்டுமானால் ரோமத்திலேயே ஏற்றிவிடுங்கள். எதைத் தேர்ந்தாலும், ரோமத்திலுள்ள கொழுப்பு போகாமல் சாயம் சீராகப் பிடிக்காது. ஏறத்தாழ 60 டிகிரி வெந்நீரில் சோப்புக் கரைசல் சேர்த்து, கிளறாமல் அமிழ்த்தி வைத்திருந்து, நீர் ஆறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஆறவிட்டால் கரைந்த கொழுப்பு மீண்டும் இழையிலேயே படிந்துவிடும்.

திரண்டுபோவதற்குச் சூடு மட்டுமே காரணமன்று. கம்பளி இழையின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் இருக்கும்போது கசக்கினாலோ கிளறினாலோ அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன, திடீரெனச் சூடு மாறுவதும் ஆகாது. ஆகவே நனைத்த கம்பளியை வெதுவெதுப்பான சாயநீரில் இட்டு மெல்லச் சூடேற்றி, 80 முதல் 85 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, அதே பாத்திரத்திலேயே இரவு முழுவதும் ஆறவிடுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதுடன், சாயம் இழையில் பிடித்து நிற்பதற்குப் படிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கம்பளி 100 கிராமுக்கு 10 முதல் 15 கிராம் படிகாரம் போதும். அதைக் கரைத்த நீரில் கம்பளியை முதலில் மெல்லச் சூடேற்றி எடுத்த பிறகே சாயத்தில் இட வேண்டும். பூக்களின் எடை, கம்பளியின் எடைக்குச் சமமாகவாவது இருக்கட்டும். இரு மடங்கு இருந்தால் இன்னும் நல்லது.

ஆனால், புதிதாக நூற்பவருக்கு ரோமத்தில் சாயமேற்றுவதையே நான் சொல்வேன். ஆங்காங்கே நிறம் திட்டுத் திட்டாகப் பிடித்தாலும் வாரும்போது எல்லாம் கலந்துவிடும், நூலில் அந்த வசதி இல்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பூ போதாவிட்டால் சமையல் மஞ்சளைச் சேர்க்கலாமா?

பதில் 3:
சேர்க்கலாம், பளிச்சென்றும் இருக்கும், ஆனால் வெயில் பட்டால் விரைவில் வெளுத்துவிடும், பீட்ரூட்டும் அப்படித்தான். வெங்காயத் தோல் அவற்றைவிட நன்றாக நிற்கும். மஞ்சளைப் பச்சைப் பாங்குக்கு மாற்ற விரும்பினால் கடைசியில் சிறிதளவு இரும்பு உப்புக் கரைசல் சேர்க்கலாம். அளவு மிஞ்சினால் கம்பளி முரடாகி வலுவிழக்கும், ஆகவே கை சற்று இறுக்கமாகவே இருக்கட்டும்.

நூலாக ஏற்றுவதானால், இரண்டு இழைகளை, நூற்ற திசைக்கு எதிர்த்திசையில் சேர்த்து முறுக்கி இரட்டைப் புரியாக்கிய பிறகே பாத்திரத்தில் இடுங்கள். ஒற்றை இழை தன் முறுக்கினாலேயே சுருண்டு சிக்கிக்கொள்ளும். சிட்டத்தை, அதாவது வளையமாகச் சுற்றிய நூற்கட்டை, நான்கு இடங்களில் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள்: இறுக்கிக் கட்டிய இடத்தில் சாயம் புகாமல் வெள்ளை வளையம் விழும். உலர்ந்ததும் சிறு துண்டு நூலை அட்டையில் சுற்றி, பாதியை மூடி, வெயில் விழும் சன்னலில் சில வாரங்கள் வைத்துப் பாருங்கள். மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் வேறுபாடு தெரிந்தால், அந்தச் சாயத்தில் பெரிய சிட்டத்தை நனைக்க வேண்டாம்.