ராமோன்ஸ் முதல் ஆல்பம்: அந்த கிட்டார் ஒலி எப்படி?

கேள்வி (கோத்தகிரி):
ராமோன்ஸ்ங்கற அமெரிக்க பங்க் ராக் குழுவோட 1976 ஆல்பத்தை முழுசா கிட்டார்ல வாசிக்கணும். ரெண்டு பாட்டுலயே முன்கை கல்லாயிடுது, ஒலியும் மெலிசா இருக்கு. மழைல கம்பி வேற துருப்பிடிக்குது. என்ன செய்யலாம்?

பதில் (குன்னூர்):
தம்பி, ஹெட்போன்ல வலது காதை மட்டும் போட்டுக் கேளுங்க. அந்த ஆல்பத்துல கிட்டார் வலப்பக்கம், பேஸ் இடப்பக்கம், குரலும் டிரம்ஸும் நடுவுல. குழுவோட கிட்டார்காரர் ஜானி எல்லாத்தையும் கீழ்நோக்கித்தான் அடிக்கிறார். மேல்வீச்சு கலந்தா பாட்டு மெலிஞ்சிடும். கை இறுகுறது முழங்கைல இருந்து அடிக்கிறதால. மணிக்கட்டுல இருந்து அடிங்க, பிக்கை (கம்பியை அடிக்கிற சின்னத் தகடு) லேசாப் பிடிங்க. மெட்ரோனோம் (தாளம் தட்டுற கருவி) நிமிஷத்துக்கு 120 தட்டு, ஒரு தட்டுக்கு ரெண்டு அடி. மூணு நிமிஷம் நோகாம ஓடினா அஞ்சு கூட்டுங்க. பல பாட்டு 160-ஐத் தாண்டும். ஒலியைக் கரகரப்பாக்குற டிஸ்டார்ஷனைப் பாதிக்கு மேல ஏத்தாதீங்க, பார் கார்டு (ஒரு விரலால பல கம்பியைச் சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது) குழம்பிடும்.

பதில் (ஊட்டி):
வாசிச்சதும் கம்பியைக் காய்ஞ்ச துணியால அடிப்பக்கமும் துடைங்க. கிட்டார் பெட்டிக்குள்ள ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் போடுங்க, ஈரம் நிறைஞ்சதும் மாத்துங்க. கோட்டிங் கம்பி விலை கூடுதல், ஆனா நம்ம மூடுபனிக்கு அதான் சரி.

பதில் (குன்னூர்):
இன்னொண்ணு: ஆல்பத்துல 14 பாட்டு, அரை மணிக்கும் குறைவு. நடுவுல ட்யூன் பண்ண நேரமே இருக்காது. 1996 ஆகஸ்ட் 6 கடைசிக் கச்சேரி வரை அந்தக் குழு ஏறினது 2,263 மேடை. சோலோ (கிட்டார் மட்டும் தனியா முன்னால வர்ற பகுதி) தேடி மெனக்கெடாதீங்க, ஆல்பத்துல அது கிட்டத்தட்ட கிடையாது.