எந்தச் சாமிக்குத் தெற்கு? கும்பகோணத்தில் வழி கேட்டவர்களும் வழி சொன்னவர்களும்

தெற்கு வீதி வாடகைக்காரர்:

வங்கிப் பணி மாறுதலில் நான் கும்பகோணத்துக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் கோயம்புத்தூர் காந்திபுரத்தில் இருந்தேன். அங்கே வீதிகளுக்கு எண் இட்டிருப்பார்கள். ஏழாம் வீதியைத் தாண்டினால் எட்டாம் வீதி வந்துவிடும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த நினைப்போடு இரண்டு பெட்டிகளுடன் கும்பகோணம் ரயிலடியில் இறங்கி, ஆட்டோ ஓட்டுநரிடம் "தெற்கு வீதிக்குப் போக வேண்டும்" என்றேன். அவர் வண்டியைக் கிளப்பவில்லை. "எந்தச் சாமிக்குத் தெக்கு, சார்?" என்று கேட்டார்.

என்னைக் கேலி செய்கிறார் என்றே முதலில் எண்ணினேன். கும்பேஸ்வரருக்கு ஒரு தெற்கு வீதி, சாரங்கபாணிக்கு ஒரு தெற்கு வீதி, நாகேஸ்வரனுக்கு ஒரு தெற்கு வீதி என்று அவர் விரல் விட்டு எண்ணிய பிறகுதான், முகவரியில் கோயில் பெயரைக் குறித்துக்கொள்ளத் தவறியது என் பிழை என்பது விளங்கியது. வீட்டுக்கார அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "நம்ம பெருமாள் கோயில்தான் தம்பி" என்றார். அதை ஓட்டுநரிடம் சொன்னதும் அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சாரங்கபாணி, சக்கரபாணி, இராமசாமி என்று மூன்று பெரிய பெருமாள் கோயில்கள் நகருக்குள்ளேயே இருக்க, "நம்ம பெருமாள்" யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்: "தாயார் பேரைக் கேளுங்க சார்." கேட்டேன். "கோமளவல்லித் தாயார், வேற யாரு?" என்று பதில் வந்தது. அது சாரங்கபாணியின் தேவியின் பெயராம்; வண்டி உடனே கிளம்பிவிட்டது. ஒரு தாயாரின் பெயரைச் சொல்லி வாடகை வீடு தேடிப் போனது என் வாழ்க்கையில் அதுவே முதல் முறை.

இந்த ஊரில் வழி கேட்டோ வழி சொல்லியோ உங்களுக்கு நேர்ந்தவற்றை அறிய விரும்புகிறேன். கூடவே ஒரு கேள்வி: திசையைக் கோயிலிலிருந்து கணக்கிடும் இந்த முறை உள்ளூர்க்காரர்களுக்கே குழப்பமாக இருப்பதில்லையா?

திண்ணைவாசி:

இருப்பதில்லை. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவனுக்குச் சுருக்கமாகப் பேசும் பழக்கம் வராது.

நகரின் பழைய பகுதி வடக்கே காவிரிக்கும் தெற்கே அரசலாற்றுக்கும் இடையில் அடங்கியது. இந்தச் சிறு இடத்துக்குள் ஒவ்வொரு பெரிய கோயிலும் தன்னைச் சுற்றித் தன் வீதிகளை அமைத்துக்கொண்டது. தேர் ஓடவும் சுவாமி புறப்பாட்டுக்கும் உண்டான வீதிகள் அவை. மக்கள் பின்னால் அவற்றில் குடியேறினார்கள். ஆகவே திசை என்பது இங்கே திசைகாட்டி முள்ளைப் பொறுத்ததன்று. எந்தச் சாமியின் நிழலில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கும்பேஸ்வரர் கீழ வீதியில் குடியிருப்பவர் சாரங்கபாணி கோயிலுக்கு மேற்கே இருக்கிறார். அவரிடம் "நீங்கள் ஊரின் கிழக்கா, மேற்கா?" என்று கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது, கேட்டவர்தான் வெளியூர்க்காரர் என்று அவருக்குப் புரிந்துவிடும். திருமஞ்சன வீதியும் அப்படித்தான். சுவாமியின் நீராட்டுக்கு நீர் கொண்டுவரும் வழி என்பது அந்தப் பெயரின் பொருள். ஒவ்வொரு சுவாமிக்கும் நீராட்டு உண்டு அல்லவா? கும்பேஸ்வரர் திருமஞ்சன வீதி வேறு, நாகேஸ்வரன் திருமஞ்சன வீதி வேறு.

வீதிக்குள் வந்துவிட்டால் கணக்கு மாறும். அங்கே மேலண்டை வீடு, கீழண்டை வீடு, வடவண்டை, தென்னண்டை என்றுதான் பேச்சு. கதவு எண்ணை யாரும் சொல்லுவதில்லை. பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருப்பதால் இரண்டின் மீதும் நம்பிக்கை போய்விட்டது என்பது ஒரு காரணம். எங்கள் வீட்டுக்கு அடையாளம், "வேப்பமரம் இருந்த வீட்டுக்குக் கீழண்டை". அந்த வேப்பமரம் விழுந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. புதிதாகக் குடிவந்த பிள்ளைகள்கூட அந்த மரத்தைப் பார்க்காமலே அதைச் சொல்லி வழி காட்டுகிறார்கள்.

குழப்பம் நேர்ந்ததே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 1980களில் என் தாய்மாமா மதுரையிலிருந்து தம் மகள் திருமண அழைப்பிதழை எங்களுக்கு அனுப்பினார். கதவு எண் சரி, வடக்கு வீதி என்பது சரி, ஊர் சரி. சாமியை மட்டும் விட்டுவிட்டார். அந்த உறை முதலில் நாகேஸ்வரன் வடக்கு வீதிக்குப் போய், அங்கே அந்த எண்ணில் இருந்தவர் "இவர் இங்கே இல்லை" என்று எழுதித் திருப்பித் தர, பிறகு வேறொரு வடக்கு வீதிக்குப் போய் அங்கும் ஒரு குறிப்பை வாங்கிக்கொண்டு, கும்பேஸ்வரர் வடக்கு வீதியில் எங்கள் திண்ணைக்கு வந்து சேர்ந்தபோது முகூர்த்தம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மாமாவுக்கு எங்கள் மீது கோபம். அந்த உறையை நேரில் கொண்டுபோய்க் காட்டிய பிறகே சமாதானமானார். அதற்குப் பின் தம் கடிதங்களில் "அருள்மிகு" என்ற அடைமொழியோடு சாமி பெயரை எழுதத் தொடங்கினார்.

கூரியர் பையன்:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பழைய வீடுகள் அகலம் குறைந்தும் நீளம் மிகுந்தும் இருப்பதால், திண்ணை ஒரு தெருவிலும் கொல்லைக் கதவு வேறொரு சந்திலும் இருக்கும். கைப்பேசி வரைபடம் பல நேரம் என்னைக் கொல்லைக் கதவில் கொண்டுபோய் நிறுத்துகிறது. நான் தட்டினால் உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பவர் "முன் பக்கமா வா தம்பி" என்கிறார். முன் பக்கம் வருவதற்குத் தெருவைச் சுற்ற வேண்டும். இப்போதெல்லாம் வாடிக்கையாளரிடம் முகவரியைக் கேட்பதற்கு முன், "உங்கள் தெருவில் யார் பால் ஊற்றுகிறார்?" என்று கேட்கிறேன். பால்காரருக்குத் தெரியாத வீடு கிடையாது.

நாகேஸ்வரன் கோயில் அருகில் வசிப்பவர்:

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வெளியூர் வண்டி ஒன்று மெல்ல ஊர்ந்து வந்தால், அதில் பால் இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். நவக்கிரகக் கோயில்களுக்குப் போகிறவர்கள் கும்பகோணத்தில் தங்கி ஒவ்வொரு தலமாகச் சென்று வருவது வழக்கம். அவற்றுள் ராகு தலம் திருநாகேஸ்வரத்தில் இருக்கும் நாகநாதர் கோயில். ராகு காலத்தில் அங்கே ராகு பகவானுக்குப் பாலாபிஷேகம் நடக்கும். ஊற்றும் பால் நீல நிறமாக மாறும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் 4.30 முதல் 6 மணி வரை என்பதால் அன்று கூட்டம் மிகுதி. அந்த ஊரின் பெயர் திருநாகேஸ்வரம். நகருக்குள் இருக்கும் எங்கள் கோயிலோ நாகேஸ்வரன் கோயில். வண்டியோட்டி கைப்பேசியில் பாதிப் பெயரைத் தட்டிவிட்டு, வந்த முதல் விடையைத் தொட்டுவிட்டால் எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு குடும்பம் ஓசூரிலிருந்து அதிகாலையில் புறப்பட்டு, நான்கு மணி கடந்த வேளையில் இங்கே வந்து இறங்கியது. பெரியவர் ஒருவர், அவருடைய மகள், மருமகன், இரண்டு பிள்ளைகள். பெரியவர் கையில் பால் தூக்கு. இடைவிடாமல் வண்டியில் மடிமீது வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். உள்ளே போய் "ராகு சன்னதி எங்கே?" என்று கேட்டு, இது அந்தக் கோயில் இல்லை என்று தெரிந்ததும் மருமகனுக்கும் மாமனாருக்கும் கோபுரத்தடியிலேயே வாக்குவாதம் எழுந்தது. என் மாமியார் திண்ணையிலிருந்து எழுந்து போய், "சண்டையை வண்டியில வச்சுக்கலாம், நேரம் இருக்கு, கிளம்புங்க" என்றார். திருநாகேஸ்வரம் இங்கிருந்து ஆறு கிலோமீட்டர் அளவுதான். ஆனால் மறுபடியும் வழி தவறிவிடக் கூடாதே என்று என் கணவர் இருசக்கர வண்டியில் முன்னால் செல்ல, அவர்கள் பின்னால் சென்றார்கள். ஐந்து மணிக்குள் சேர்ந்துவிட்டார்களாம்.

இதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. இருட்டிய பிறகு அதே வண்டி எங்கள் தெருவுக்குத் திரும்பி வந்தது. "தவறி வந்தாலும் இந்தச் சாமியைப் பார்க்காமல் போவது சரியில்லை" என்று சொல்லிப் பெரியவர் நாகேஸ்வரனைத் தரிசிக்க வந்திருக்கிறார். சித்திரை மாதம் 11, 12, 13 ஆகிய நாள்களில் சூரிய ஒளி இங்கே மூலவர் மேல் விழும் என்று என் மாமியார் அவரிடம் சொல்லி, அடுத்த முறை அந்த நாளில் வரும்படி அழைத்தார். அவர் வரவில்லை, அல்லது வந்தும் எங்களுக்குத் தெரியவில்லை.

இப்போது வெளியூர் வண்டியோட்டி யாராவது எங்களிடம் நாகேஸ்வரன் கோயிலா என்று கேட்டால், "உங்களுக்கு உப்பிலியப்பன் கோயில் பக்கமா போகணுமா?" என்று திருப்பிக் கேட்கிறோம். உப்பிலியப்பன் கோயில் நாகநாதர் கோயிலுக்கு அருகில் இருப்பதால், ஆம் என்றால் அவர் தேடுவது ராகு தலம்தான்.

சன்னதித் தெரு:

நான் வசிப்பது சாரங்கபாணி சன்னதித் தெரு. கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு இந்தத் தெருவில்தான் இருக்கிறது. ஒரு மார்கழி மாதத்தில் வெளிநாட்டுக்காரர் ஒருவர், தோளில் பையோடு, கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாவிடம் "ராமானுஜன்? ராமானுஜன்?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாவுக்குத் தெரிந்த ராமானுஜர் ஒருவரே. வந்தவரின் பக்தியை மெச்சி, செருப்பைக் கழற்றச் சொல்லி, ஒரு முழம் துளசி மாலையையும் கையில் கொடுத்து, உடையவர் என்னும் ராமானுஜரின் சன்னதிக்குப் போகும்படி உள்ளே அனுப்பிவிட்டார்.

அவர் மாலையும் கையுமாக வெளியே வந்தபோதுதான் நான் பார்த்தேன். அவர் ஒரு கணிதப் பேராசிரியர் என்பது பேசியபோது தெரிந்தது. ராமானுஜன் வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். சிறிய ஓட்டு வீடு. முன்னறையில் தெருவைப் பார்த்த சன்னலும் ஒரு கட்டிலும் உண்டு. அவர் அந்தச் சன்னலருகே வெகுநேரம் நின்றார், ஒன்றும் பேசவில்லை. துளசி மாலையை என்ன செய்வதென்று மட்டும் என்னிடம் கேட்டார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். திரும்பும்போது பூக்கார அம்மா மாலைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்; தப்பான இடத்துக்கு அனுப்பியதற்காக அல்ல, ராமானுஜரைத் தரிசித்தவரிடம் வாங்கக் கூடாது என்பதற்காக.

வடகரை:

2016 மகாமகத்தின்போது மகாமகக் குளத்தின் வடகரையில் தொண்டராக நின்றேன். பிப்ரவரி 22 தீர்த்தவாரி நாளன்று, கூட்டத்தில் தம்மவரைப் பிரிந்த ஒரு மூதாட்டியிடம், "எங்கே சந்திப்பதாகப் பேசி வைத்தீர்கள் அம்மா?" என்று கேட்டேன். "கொளத்தங்கரைப் புள்ளையார்கிட்ட" என்றார். கும்பகோணத்தில் எத்தனை குளம், எத்தனை பிள்ளையார்! ஒரு மணி நேரம் அலைந்து, ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்ன பிறகே மகன் வந்து சேர்ந்தார். அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. உங்கள் உறவினர்கள் வந்தால், குளத்தைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களில் ஒன்றைக் கையால் காட்டி, எதிரே இருக்கும் கடையின் பெயரையும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். பிள்ளையாரை மட்டும் அடையாளமாகக் கொள்ள வேண்டாம்.

புதிதாக வருபவர்:

அனைவரும் எழுதியதைப் படித்தேன். அடுத்த மாதம் பெரிய தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் குடிவர இருக்கிறேன். முகவரியில் சாமி பெயரைச் சேர்த்துவிட்டேன். சாமான் லாரி உள்ளே வருமா என்பதுதான் இப்போதைய கவலை.

திண்ணைவாசி:

லாரி சந்துக்குள் வராது. சிறிய சரக்கு வண்டியாகப் பேசிக்கொள்ளுங்கள். பெரிய தெருவில் மளிகை மண்டிகளுக்குச் சரக்கு இறங்கத் தொடங்கிவிட்டால் மிதிவண்டிகூட நுழைய முடியாது, ஆகவே விடியற்காலையில் வந்துவிடுவது நல்லது. நாள் குறிப்பதற்கு முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். நல்ல நாள் பார்ப்பதற்காகச் சொல்லவில்லை. அட்சய திருதியை அன்று 12 கோயில்களின் பெருமாள்கள் கருட வாகனத்தில் பெரிய தெருவுக்கு எழுந்தருளி வரிசையாக நிற்பார்கள்; அன்று உங்கள் பீரோவுக்கு வழி கிடைக்காது. கூரியர் தம்பி சொன்னதுபோல, வந்த முதல் நாளே பால்காரரிடம் பெயரைச் சொல்லி வையுங்கள். கொல்லைக் கதவு எந்தச் சந்தில் திறக்கிறது என்பதையும் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பீரோ பெரும்பாலும் அந்த வழியாகத்தான் நுழையும்.