அழுகிற பிள்ளை: காரணம் ரத்தமா, மடியா?

பாலக்கோட்டுக்காரன்:
எங்கள் வீட்டில் இரட்டைப் பையன்கள், பதினோரு மாதம். ஒரே தூளி, ஒரே ஆயா (பாட்டி), ஒரே பால். மிக்ஸி ஓடினால் ஒருவன் கை கால் விறைத்து வீறிடுகிறான். இன்னொருவன் மிக்ஸியைப் பார்த்துச் சிரிக்கிறான். இதில் வளர்ப்பு எங்கே வந்தது? எல்லாம் பிறவிக்குணம்.

காரிமங்கலம் நர்ஸ்:
தனித்தனிக் கருமுட்டையில் வந்த இரட்டை என்றால் மரபணுவில் சராசரியாகப் பாதிதான் பொது, மற்ற அண்ணன் தம்பி மாதிரிதான். அதனால் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2008ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஓர் ஆய்வு. 3, 6, 12 மாதத்தில் குழந்தையை அம்மாவிடமிருந்து சற்று நேரம் பிரித்து, இதயத் துடிப்பைப் பார்த்தார்கள். பதற்றம் வந்தால், மூளையிலிருந்து வந்து இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு இதயத்தின் மேலுள்ள பிடியைத் தளர்த்த வேண்டும். உடம்பு அப்படித்தான் சமாளிக்கும். மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைப் பிடிக்கும் ஏற்பிக்கான மரபணுவில் ஒரு வகை கொண்ட பிள்ளைகளுக்கு 3, 6 மாதத்தில் இது சரியாக நடக்கவில்லை, அம்மா எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும். ஒரு வயதில், இவர்களில் குறிப்பறிந்து கவனிக்கும் அம்மாக்களின் பிள்ளைகளுக்கு மட்டும் நடந்தது. மரபணு அதே மரபணுதான்.

பென்னாகரம் 87:
ஒற்றை மரபணுவை வைத்துச் சொன்ன கதைகள் எத்தனையோ கவிழ்ந்துவிட்டன. மன அழுத்த நோய்க்குக் காரணம் என்று பெயர்பெற்ற 18 மரபணுக்களை 2019ல் லட்சக்கணக்கானோரின் தரவில் சோதித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய மரபணுக்களைவிட அவை ஒன்றும் மேலாக இல்லை. நீங்கள் சொன்னது சின்ன ஆய்வு, அதை வைத்து அம்மாக்களுக்கு மார்க் போடாதீர்கள்.

ஓசூர் ஷிஃப்ட் அம்மா:
அதைத்தான் கேட்க வந்தேன். ஆறு மணி ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் நாலரைக்கே தேன்கனிக்கோட்டைக்கு வந்துவிடும். பிள்ளை என் அம்மாவிடம். நம் பக்கம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் ஆயாவிடம்தான் விட்டுப் போகிறார்கள். எந்த ஆய்வு வந்தாலும் கடைசியில் குற்றவாளி அம்மாதானா? அப்பனை அளக்க ஒரு கருவியும் இல்லையா?

காரிமங்கலம் நர்ஸ்:
பெற்றவளே பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி குழு எலிகளை வைத்துப் பார்த்ததை 2004ல் வெளியிட்டது. குட்டியை அதிகம் நக்கிக் கொடுக்கும் தாயிடம் வளர்ந்தால், பதற்ற ஹார்மோனை அடக்கும் ஏற்பிக்கான மரபணு மேல் ஒட்டி அதை முடக்கும் மெதைல் என்ற ரசாயனக் குறி குறைகிறது. குட்டிகளை மாற்றி வைத்தபோது வளர்த்தவளைப் போலத்தான் ஆயின. எலி வேறு, நாம் வேறு, சரி. ருமேனியாவில் ஆதரவற்றோர் விடுதிக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு வயதுவாக்கில் சோதித்தால், விடுதியிலேயே விடப்பட்டவர்களுக்குப் பதற்றமான நேரத்திலும் கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் மந்தமாகவே இருந்தது. இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்களுக்குப் பெரும்பாலும் சாதாரணமாக இருந்தது. அங்கே பார்த்துக்கொண்டவர் யாரும் பெற்றவர் இல்லை. உங்கள் அம்மா தாராளமாகப் போதும்.

பாலக்கோட்டுக்காரன்:
ருமேனியா இருக்கட்டும். என் வீட்டில் மடி ஒன்றுதானே?

ஓசூர் ஷிஃப்ட் அம்மா:
ஒன்றா? வீட்டுக்கு வருகிறவர்கள் யாரைத் தூக்குகிறார்கள் அண்ணா? சிரிப்பவனைத்தானே? மற்றவனுக்குப் 'பயந்தாங்கொள்ளி' என்ற பேரும், தூளியில் போட்டு வேகமான ஆட்டலும். பிறவிக்குணமே ஆளுக்கொரு மடியை வாங்கித் தருகிறது.

பாலக்கோட்டுக்காரன்:
அழும்போதெல்லாம் தூக்கினால் கைக்குப் பழகிவிடும் என்பது எங்கள் ஆயா. அவர் ஏழு பிள்ளை வளர்த்தவர்.

பென்னாகரம் 87:
ஏழில் எத்தனை பேர் மிக்ஸிக்கு அழுதார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். அப்போது அம்மிதான் இருந்தது.