ஹிரகானா படப் புத்தகத்துக்கு யோசனை வேண்டும்

வணக்கம். ஜப்பானில் பிள்ளை வளர்க்கும் நண்பர்களே, ஒரு உதவி.

அக்கா பிள்ளைகளுக்காக ஹிரகானா (ஜப்பானியப் பிள்ளைகள் முதலில் கற்கும் எழுத்து) படப் புத்தகம் ஒன்று வரைகிறேன். 46 எழுத்து, பக்கத்துக்கு ஒன்று. ஆப்பிள், பந்து வேண்டாம்; அந்த ஊர் வீடும் பண்டிகையும் கண்ணில் பட வேண்டும். சாமுராய், நிஞ்ஜா இல்லாமலே சமாளிக்கப் பார்க்கிறேன், அது ஏற்கெனவே கார்ட்டூனில் போதுமான அளவு வருகிறது.

சில பக்கங்கள் தானாக அமைந்துவிட்டன. 'கோ'வுக்கு கொய்னொபோரி, மே 5 குழந்தைகள் தினத்தையொட்டிக் கம்பத்தில் பறக்கவிடும் கெண்டை மீன் கொடி. 'ஹி'க்கு ஹினா பொம்மைகள், மார்ச் 3 பெண் குழந்தைகள் பண்டிகைக்கு வீட்டில் அடுக்கி வைப்பவை. 'ர'வுக்கு ரந்தொசெரு, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் முதுகில் சுமக்கும் அந்தக் கெட்டியான பை. மூத்தவளுக்கு இதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது, தனக்கும் ஒன்று வேண்டுமாம்!

சிக்கல் கடைசி எழுத்தில். 'ன்' என்று எந்தச் சொல்லும் தொடங்குவதில்லை. ஷிரிதொரி விளையாட்டில் (நம் அந்தாதி மாதிரி, முடிந்த எழுத்தில் அடுத்த சொல்) 'ன்' என்று முடிக்கிறவர் தோற்றுப்போவார். அந்த விளையாட்டையே படமாகப் போடலாமா, இல்லை 'மிகன்' ஆரஞ்சு வரைந்து கடைசி எழுத்துக்கு வண்ணம் அடிக்கலாமா? உங்கள் வீட்டுப் புத்தகங்களில் எப்படி இருக்கிறது?

அப்புறம், 'நு', 'ரு' இரண்டுக்கும் எனக்கு உருப்படியாக எதுவும் தோன்றவில்லை. பாலர் பள்ளிப் பிள்ளைகள் தினமும் புழங்கும் பொருளாக இருந்தால் நல்லது. வீட்டில் பழைய எழுத்து அட்டைகள் இருந்தால் ஒரு புகைப்படம் போடுங்கள்.