குழு: அம்மாவின் மருந்து நேரம் (5 பேர்)

வியாழக்கிழமை

[காலை 7:12] செல்வி: நேற்று கீமோ ஏறியதிலிருந்து இதுவரை அம்மாவுக்கு வாந்தி இல்லை. இரவு முழுக்கத் தூக்கமும் இல்லை. இப்போது காலை மாத்திரைகளை எடுத்து வைத்தால் வேண்டாம் என்கிறார்.

[காலை 7:14] அம்மா: வராத வாந்திக்கு எதற்கு மாத்திரை? ஏற்கெனவே கை நிறைய விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

[காலை 7:15] மாமா: அக்கா சொல்வது நியாயம்தானே. குமட்டல் வந்தால் அப்போது போட்டுக்கொள்ளலாம். சும்மா இருக்கும் வயிற்றில் மருந்தைக் கொட்டுவானேன்?

[காலை 7:31] மீனா: இரவுப் பணி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். அத்தை, முதலில் மாத்திரையைப் போடுங்கள். வாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

[காலை 7:34] மீனா: வாந்தி வரவில்லை என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். நேற்று ஏறியவை டாக்ஸோரூபிசினும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும். தடுப்பு மருந்து எதுவும் இல்லாமல் இந்த இரண்டையும் சேர்த்து ஏற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாந்தி எடுப்பார்கள். முதல் 24 மணி நேரத்தில் வருவது ஒரு வகை, அதற்கு முக்கியக் காரணம் குடலில் சுரக்கும் செரோடோனின் என்ற வேதிப்பொருள். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை வருவது வேறு வகை, அது மூளையில் வேறு வழியாக வருகிறது. ஒன்டன்செட்ரான் முதல் வகையைப் பிடிக்கும். அந்த அப்ரெபிடன்ட் காப்ஸ்யூல் முக்கியமாக இரண்டாவதைப் பிடிக்கும். முதல் நாள் தப்பித்துவிட்டோம் என்று நிறுத்துகிறவர்கள்தான் மூன்றாம் நாள் வாளியோடு உட்காருவார்கள். வார்டில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

[காலை 7:36] மீனா: வந்த பிறகு போட்டால் அந்த மாத்திரையும் வாந்தியோடு வெளியே போய்விடும், அப்பா.

[காலை 7:40] அம்மா: போட்டுவிட்டேன். எல்லோரும் நிம்மதியாக இருங்கள்.

[காலை 7:41] அம்மா: இன்னொன்று. காலையில் சிறுநீர் சிவப்பாகப் போனது. செல்வியிடம் சொல்லவில்லை, பயந்துவிடுவாள்.

[காலை 7:41] செல்வி: அம்மா! நான் பக்கத்து அறையில்தான் இருக்கிறேன்.

[காலை 7:44] மீனா: பயப்பட எதுவும் இல்லை. டாக்ஸோரூபிசின் நிறமே சிவப்பு, அதுதான் வெளியேறுகிறது. ஒன்றிரண்டு நாளில் நின்றுவிடும். அதற்குப் பிறகும் சிவப்பாகப் போனாலோ எரிச்சல் இருந்தாலோ உடனே சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற மருந்து சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கக்கூடியது. தண்ணீர் நன்றாகக் குடியுங்கள், அடக்கி வைக்காதீர்கள். செல்வி அண்ணி, இரண்டு நாளைக்குக் கழிப்பறையைச் சுத்தம் செய்யும்போதும் வாந்தி துடைக்கும்போதும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மூடியை மூடிவிட்டு இருமுறை தண்ணீர் விடுங்கள்.

[காலை 8:20] மாமா: செல்வி அனுப்பிய மருந்துச் சீட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒலான்சபின் என்று ஒன்று இருக்கிறதே? இணையத்தில் தேடினால் மனநோய்க்குக் கொடுக்கும் மாத்திரை என்று வருகிறது. என் அக்காவுக்கு என்ன பைத்தியமா பிடித்திருக்கிறது?

[காலை 8:22] அம்மா: உன்னைத் தூக்கி வளர்த்தபோதே பிடிக்கவில்லை தம்பி. இனிமேலா பிடிக்கப்போகிறது?

[காலை 8:23] முரளி: அம்மா நலமாக இருக்கிறார் என்று இப்போது நம்புகிறேன்.

[காலை 8:37] மீனா: அப்பா கேட்டது நல்ல கேள்வி. பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தைப் படித்துவிட்டுப் பலர் இந்த மாத்திரையைத் தாங்களாகவே ஒதுக்கிவிடுகிறார்கள். அது மனநோய்க்காக வந்த மருந்துதான். ஆனால் குமட்டலை எழுப்பும் டோபமைன், செரோடோனின் வழிகள் பலவற்றை அது ஒரே நேரத்தில் அடைக்கிறது. 2016ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 380 நோயாளிகள். எல்லோருக்கும் வழக்கமான மூன்று மருந்துகள். நான்காவதாக ஒரு பகுதியினருக்கு ஒலான்சபின், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. முதல் 24 மணி நேரத்தில் குமட்டலே இல்லாதவர்கள் ஒலான்சபின் குழுவில் 74 சதவீதம், மற்ற குழுவில் 45 சதவீதம். வாந்தியை நிறுத்த நம்மிடம் மருந்து உண்டு, குமட்டலை நிறுத்துவதுதான் கடினம். அதனால்தான் இந்த வித்தியாசத்தை டாக்டர்கள் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள்.

[காலை 8:39] மீனா: தூக்கம் வரும், அதனால்தான் இரவில் போடச் சொல்கிறார்கள். நள்ளிரவில் எழுந்தால் தலை சுற்றும். அத்தை தனியாக எழுந்து நடக்க வேண்டாம். பகலிலும் மயக்கமாகவே இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்.

[காலை 8:41] செல்வி: அப்படியென்றால் நேற்று இரவு ஏன் தூங்கவே இல்லை? 2 மணிக்கு அலமாரியை அடுக்கிக்கொண்டிருந்தார்.

[காலை 8:43] மீனா: டெக்ஸாமெத்தசோனை எப்போது கொடுத்தீர்கள்?

[காலை 8:43] செல்வி: இரவு, மற்ற மாத்திரைகளோடு.

[காலை 8:44] மீனா: அதுதான் காரணம். அது ஸ்டீராய்டு, தூக்கத்தை விரட்டிவிடும். சீட்டில் நேரம் எழுதவில்லையா என்று பாருங்கள். இல்லையென்றால் காலை உணவுக்குப் பின் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அத்தைக்குச் சர்க்கரை இருப்பதால் இந்த நாட்களில் அளவு ஏறும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

[காலை 8:50] அம்மா: அலமாரி நன்றாக வந்திருக்கிறது. அதை யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை

[மாலை 5:05] அம்மா: மீனா, வெளிக்குப் போய் மூன்று நாள் ஆகிறது. வயிறு கல்லாக இருக்கிறது.

[மாலை 5:07] மாமா: அக்கா, இதையெல்லாம் குழுவிலா பேசுவது?

[மாலை 5:08] அம்மா: நீ படிக்காதே.

[மாலை 5:20] மீனா: இங்கேதான் பேச வேண்டும். ஒன்டன்செட்ரான் மலத்தைக் கட்டும், இது எதிர்பார்த்ததுதான். சீட்டின் கடைசியில் ஒரு மலமிளக்கி எழுதியிருக்கிறார்கள், 'தேவைப்பட்டால்' என்று. இப்போது தேவைப்பட்டுவிட்டது. எனிமா, ஆசனவாயில் வைக்கும் மருந்து எதுவும் வேண்டாம். வெள்ளை அணுக்கள் இறங்கப்போகும் நேரம், அங்கே ஒரு சிறு கீறல் விழுந்தால்கூடக் கிருமி உள்ளே போய்விடும். இன்று இரவுக்குள் பலன் இல்லாவிட்டாலோ வயிற்று வலி கூடினாலோ வார்டைக் கூப்பிடுங்கள்.

[மாலை 5:32] முரளி: ஒருவர் எனக்கு அனுப்பியது. நோய் எதிர்ப்பு சக்தியைப் பத்து மடங்கு கூட்டும் மூலிகை மாத்திரையாம். வாங்கி அனுப்பட்டுமா?

[மாலை 5:33] மீனா: அத்தான், பெயரை டாக்டரிடம் காட்டாமல் எதையும் அனுப்பாதீர்கள். சில மூலிகைகள் கீமோ மருந்து கல்லீரலில் உடையும் வேகத்தை மாற்றிவிடும். அப்போது மருந்து கூடிப்போகலாம், குறைந்தும் போகலாம். எந்தப் பக்கம் போனாலும் நமக்கு நஷ்டம்.

[மாலை 5:34] முரளி: சரி. அனுப்பவில்லை.

[இரவு 9:15] அம்மா: வயிறு விட்டுக்கொடுத்துவிட்டது. தம்பி, நீ இதையும் படிக்காதே.

அடுத்த வாரம், சனிக்கிழமை

[இரவு 10:48] செல்வி: அம்மாவுக்குக் கொஞ்சம் குளிர்கிறது என்கிறார். தெர்மாமீட்டரில் 37.8.

[இரவு 10:50] மாமா: பாராசிட்டமால் ஒன்று கொடுத்துப் படுக்க வை. காலையில் பார்ப்போம். 37.8 எல்லாம் ஒரு காய்ச்சலா?

[இரவு 10:50] மீனா: கொடுக்காதீர்கள்.

[இரவு 10:51] மீனா: அண்ணி, அத்தை இப்போது எதுவும் குடித்தாரா? குடித்திருந்தால் கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் வாயில் வைத்துப் பாருங்கள். பையில் இரண்டு உடை, மருந்துச் சீட்டு, கீமோ அட்டை எடுத்து வையுங்கள்.

[இரவு 11:09] செல்வி: 38.3. நடுக்கமும் இருக்கிறது.

[இரவு 11:09] மீனா: கிளம்புங்கள். அட்டையில் இருக்கும் 24 மணி நேர எண்ணுக்கு வழியிலேயே பேசுங்கள். அவசரப் பிரிவில் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: 'கீமோ எடுத்துப் பதினோராம் நாள், காய்ச்சல் 38.3.' வரிசையில் உட்காரச் சொன்னால் அதையே இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள்.

[இரவு 11:14] முரளி: சளி இல்லை, இருமல் இல்லை, புண் எதுவும் இல்லை. பிறகு எங்கிருந்து காய்ச்சல்?

[இரவு 11:21] மீனா: அத்தான், சீழ், சிவப்பு, வீக்கம் எல்லாம் வெள்ளை அணுக்கள் போடும் சண்டையின் அடையாளம். கீமோவுக்குப் பின் 7 முதல் 14 நாளுக்குள் அந்த அணுக்கள் அடிமட்டத்துக்குப் போய்விடும். சண்டை போட ஆள் இல்லாத இடத்தில் காய்ச்சல் ஒன்றுதான் தெரியும். பாராசிட்டமால் கொடுத்தால் அதுவும் மறைந்துவிடும். உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்கும், வெளியே நெற்றி குளிர்ந்திருக்கும். 38 டிகிரி, ஃபாரன்ஹீட்டில் 100.4. அதைத் தொட்டால் எந்த நேரமானாலும் போக வேண்டும். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு.

[இரவு 11:58] செல்வி: படுக்கை கிடைத்துவிட்டது. ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை காத்திருக்காமலே ஆன்டிபயாடிக் போட்டுவிட்டார்கள்.

[இரவு 12:02] மீனா: அப்படித்தான் செய்ய வேண்டும்.

[இரவு 12:51] செல்வி: நியூட்ரோஃபில் 200 என்கிறார்கள்.

[இரவு 12:53] மீனா: கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் அவைதான். 500க்குக் கீழே போனால் மிகவும் குறைவு என்போம். சரியான நேரத்தில் போயிருக்கிறீர்கள். ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது?

[இரவு 12:54] செல்வி: நன்றாக இருக்கிறதாம். நடுக்கம் நின்றுவிட்டது. பக்கத்துப் படுக்கைக்காரரிடம் கதை பேசத் தொடங்கிவிட்டார்.

[இரவு 12:55] மாமா: நான் இன்னும் விழித்துத்தான் இருக்கிறேன். அவளை முகக்கவசம் போட்டுக்கொண்டு பேசச் சொல்.

புதன்கிழமை

[காலை 11:30] செல்வி: வீட்டுக்கு வந்துவிட்டோம். அணுக்கள் ஏறிவிட்டன. அடுத்த சுற்றிலிருந்து கீமோவுக்கு மறுநாள் ஒரு ஊசி போடுவார்களாம், பெக்ஃபில்கிராஸ்டிம். அதோடு வேறொரு பிரிவுக்கும் ஒரு சீட்டு கொடுத்தார்கள். படம் அனுப்பியிருக்கிறேன்.

[காலை 11:42] முரளி: அக்கா, அந்தச் சீட்டில் 'நோய்த்தணிப்பு சிகிச்சைப் பிரிவு' என்று இருக்கிறது. பாலியேட்டிவ் என்றால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்பவர்களுக்குத்தானே? டாக்டர் உன்னிடம் என்ன சொன்னார்? மறைக்காமல் சொல்.

[காலை 11:44] மாமா: அங்கே மார்ஃபின் கொடுத்துப் பழக்கிவிடுவார்கள். அங்கே அனுப்ப வேண்டாம்.

[காலை 11:58] மீனா: இருவரும் கொஞ்சம் பொறுங்கள். அத்தைக்கு வாய்ப்புண், சாப்பிட முடியவில்லை, சோர்வு. அதற்காக அனுப்புகிறார்கள். கீமோ நிற்கப்போவதில்லை, குணப்படுத்தத்தான் அது நடக்கிறது. இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

[மதியம் 12:03] மீனா: கடைசி நேரத்தில் மட்டும் அங்கே அனுப்புவது பழைய வழக்கம். பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2010ல் வெளிவந்தது. நோய் தெரிந்த உடனேயே நோய்த்தணிப்புக் குழுவையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சையும் குறைவாகத்தான் எடுத்தார்கள். அப்படியும் இடைநிலைக் கணக்கில் 11.6 மாதம் உயிரோடு இருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதம். அத்தைக்கு இருப்பது அந்த நோயும் அல்ல, அந்த நிலையும் அல்ல. அந்தப் பிரிவின் பெயரைக் கேட்டு ஓட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

[மதியம் 12:06] மீனா: மார்ஃபின் அத்தைக்கு இப்போது தேவையே இல்லை. தேவைப்படுகிறவர்களுக்கு, வலி வந்த பிறகு கெஞ்ச வைக்காமல் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1986லேயே சொல்லிவிட்டது. டாக்டர் கண்காணிப்பில் வலிக்காக எடுப்பது வேறு, போதைக்காகத் தேடுவது வேறு, அப்பா. வலியோடு படுத்திருப்பதில் வீரம் எதுவும் இல்லை.

[மதியம் 12:09] மாமா: நான் வீரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே.

[மதியம் 12:10] அம்மா: என் வாய் எரிகிறது. அதற்கு யார் வழி சொன்னாலும் அந்தப் பிரிவுக்குப் போவேன். பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தால் எனக்கென்ன?

[மதியம் 12:15] மீனா: நாளை போவதற்குள் இதைச் செய்யுங்கள் அத்தை. மிக மென்மையான பிரஷ். உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் அடிக்கடி கொப்பளியுங்கள், விழுங்க வேண்டாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் கூடவே கூடாது. காரம், புளிப்பு, கொதிக்கும் சூடு மூன்றையும் தள்ளி வையுங்கள்.

[மதியம் 12:18] செல்வி: அந்த ஊசியைப் பற்றிச் சொல் மீனா. கீமோ அன்றே போட்டால் இன்னொரு நாள் அலைய வேண்டாமே?

[மதியம் 12:24] மீனா: கூடாது அண்ணி. அந்த ஊசி எலும்பு மஜ்ஜையில் புது அணுக்களைப் பிறக்க வைக்கும். கீமோ மருந்து உடம்பில் இருக்கும்போது அவை பிறந்தால் பிறந்த கையோடு மடியும். அதனால்தான் குறைந்தது 24 மணி நேர இடைவெளி. போட்ட பிறகு இடுப்பு, முதுகு, நெஞ்செலும்பு எல்லாம் குடைவது போல வலிக்கலாம். மஜ்ஜை வேலை செய்கிறது, அவ்வளவுதான். வலிக்குப் பாராசிட்டமால் போடலாமா என்று வார்டில் கேட்டுக்கொள்ளுங்கள். போடும் முன் ஒவ்வொரு முறையும் தெர்மாமீட்டர்.

[மதியம் 12:31] முரளி: அம்மா, அடுத்த கீமோவுக்கு நான் விடுமுறை போட்டு வருகிறேன். அன்று முழுக்க உன் பக்கத்திலேயே இருப்பேன்.

[மதியம் 12:36] அம்மா: கீமோ அன்று எனக்குச் சுற்றிலும் நர்ஸ்கள் இருக்கிறார்கள். செல்வியும் இருக்கிறாள். நீ இரண்டாவது வாரம் வா. பத்தாம் நாளிலிருந்து இரவில் செல்வி தூங்க வேண்டும், நீ விழித்திருந்து காய்ச்சல் பார்.

[மதியம் 12:37] முரளி: சரி அம்மா.

[மதியம் 12:37] அம்மா: மூக்கு ஒழுகினால் வராதே.