ரி-கலம் குறைகிறதா, வற்றுகிறதா, சளைக்கிறதா?

அக்காவுக்கும் நம் சொல்லாக்கக் குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் வணக்கம்.

நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெண்குழியங்களில் ஒரு வகைதான் ரி-கலம் (T cell). அவை குறைந்துபோவதை ஆங்கிலத்தில் "T-cell depletion" என்கிறார்கள். அதற்கு அக்கா முன்வைத்த "ரி-கலக் குறைபாடு" என்ற சொல்லை இரண்டு நாளாக மனதில் வைத்துப் பார்த்தேன். என்னால் ஏற்க முடியவில்லை.

மட்டக்களப்பில் சிறுநீரக நோயாளருக்கான துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். களுவாஞ்சிக்குடியில் இருக்கும் என் பெரியம்மாவுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் இரத்தச் சுத்திகரிப்பு. முதல் வரைவை அவரிடம்தான் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரிக்குக் கீழே விரல் வைத்து வாசித்தவர், "குறைபாடு" என்ற இடத்தில் விரலை எடுக்கவில்லை. "இது எனக்குப் பிறவியிலயே இருந்ததா மகன்? அப்ப பேரப்பிள்ளையளுக்கும் வருமா?" என்று கேட்டார். அவர் விளங்கிக்கொண்டதில் பிழை இல்லை. குறைபாடு என்றால் நம் காதில் பிறப்போடு வந்தது என்றுதான் விழும். உண்மையில் ரி-கலங்கள் முதிரும் இடமான தைமசுச் சுரப்பி சரியாக உருவாகாமல் பிறக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தச் சொல்லை அவர்களின் நிலைக்கு விட்டுவைக்க வேண்டும்.

நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. இருந்த கலங்கள், நாட்பட்ட நோயில் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போவது. அது ஒரு நிகழ்வு, நிலை அல்ல. இரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை தாழ்ந்திருப்பதை "நிணநீர்க்குழியக் குறைவு" என்று சொல்லலாம் (நிணநீர்க்குழியம் என்பது ரி-கலங்களும் சேர்ந்த வெண்குழிய வகை), அதில் எனக்குத் தடை இல்லை. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் நடப்பதற்கு நான் முன்மொழியும் சொல் "வற்றுகை".

எச்.ஐ.வி. தொற்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில், ரி-கலங்களில் ஒரு வகையான சிடி4 கலங்கள் 200க்குக் கீழே போனால் எயிட்ஸ் நிலை என்கிறோம். ஆனால் உடலிலுள்ள நிணநீர்க்குழியங்களில் ஏறத்தாழ 2 வீதம்தான் எந்நேரமும் இரத்தத்தில் ஓடுகின்றன. மிகுதி நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் குடல் சுவரிலும் இருக்கின்றன. தொற்றிய முதல் கிழமைகளிலேயே குடல் சுவரின் சிடி4 கலங்கள் பெருமளவில் அழிந்துவிடும், இரத்தக் கணக்கு அதை அப்போது முழுதாகக் காட்டாது. குளக்கட்டில் நட்டிருக்கும் அளவுகோலை மட்டும் பார்ப்பவருக்குக் குளத்தின் அடி எவ்வளவு தூர்ந்து கிடக்கிறது என்று தெரியாதல்லவா? அதோடு, புதிய ரி-கலங்களை அனுப்பும் தைமசும் வயதோடு சுருங்குகிறது. வரத்து குறைகிறது, போக்கு கூடுகிறது. உன்னிச்சைக் குளத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதற்கு வேறு சொல் வருமா?

வற்றல் என்றால் மிளகாய் வற்றல்தான் நினைவுக்கு வரும் என்று தமிழகத்து நண்பர் எழுதியிருந்தார். எங்களுக்கு அது செத்தல் மிளகாய், ஆகையால் அந்த எண்ணம் எனக்கு வரவே இல்லை. அவருக்காகத்தான் "வற்றல்" என்று வைக்காமல் "வற்றுகை" என்று வைத்தேன். ரி-கலமா டி செல்லா என்பதை இரு கரையும் அவரவர் வழக்கில் வைத்துக்கொள்ளட்டும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னைச் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இரு கரையும் சேர்ந்து சொல் ஆக்குவது நமக்குப் புதிதல்ல.

அப்புறம், இன்னொன்று. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும்போது முயலிலிருந்து பெற்ற பிறபொருளெதிரிகளை ஏற்றி, ரி-கலங்களை வைத்தியர்களே அழிக்கிறார்கள். ஆங்கிலம் இதற்கும் அதே "depletion" என்ற சொல்லைப் போடுகிறது. தமிழில் தன்வினையும் பிறவினையும் இருக்க, நாம் ஏன் அந்தக் குழப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்? தானாக நடந்தால் வற்றுகை, நாமாகச் செய்தால் அகற்றல்.

அடுத்தது "T-cell exhaustion". ரி-கலங்கள் இருந்தும் வேலை செய்ய முடியாமல் போகும் நிலை அது. அதற்குக் குழுவில் தம்பி ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> களைப்பு, தளர்ச்சி, இரண்டில் ஒன்றை எடுங்கள், முடிந்தது.

தம்பி, இது முடியவில்லை. களைப்பு ஓய்வெடுத்தால் தீரும். நரம்புத் தளர்ச்சி விளம்பரங்களுக்குப் பிறகு தளர்ச்சி என்ற சொல்லை நோயாளியிடம் கொண்டுபோகவே முடியாது. நாம் சொல்ல வேண்டியது இதுதான்: கலம் சாகவில்லை, இருக்கிறது. பகையும் போகவில்லை. ஓயாமல் அதை எதிர்கொண்டே நின்றதில் கலத்தின் கை விழுந்துவிட்டது. நீடித்துத் தங்கும் வைரசு தொற்றிய எலிகளில் 1990களில் இதைக் கண்டார்கள். 2006இல் அதே வகை எலிகளில் பிடி-1 என்ற புரதத்தைத் தடுத்தபோது அந்தக் கலங்கள் மறுகாவும் ஓரளவு வேலை செய்தன. பிடி-1ஐ 1992இல் கண்டறிந்த ஆய்வுக்கூடம் தசுக்கு ஹொஞ்சோவுடையது. அவருக்கும் ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018இல் நொபெல் பரிசு கிடைத்தது. சளைக்காமல் போராடினான் என்கிறோமே, அதன் மறுபக்கம்தான் இது. "ரி-கலச் சளைப்பு" என்று வைப்போம். பெரியம்மாவிடம் விளக்கம் சொல்லாமலே கேட்டேன். "அடிபட்டு அடிபட்டு ஏலாமப் போறது" என்றார்.

அவருக்கு இது வெறும் சொல் இல்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரி-கலங்கள் குறைவாகவும், வயதுக்கு முன்னரே மூப்படைந்தும் இருக்கின்றன. அதனால்தான் கல்லீரல் அழற்சி 'பி' தடுப்பூசியை மற்றவர்களுக்கு 20 மைக்ரோகிராம் போடுகிற இடத்தில் இவர்களுக்கு 40 போடுகிறார்கள். அப்படியும் சிலருக்குப் போதிய எதிர்ப்பு எழுவதில்லை. "எனக்கு மட்டும் ஏன் கூடப் போடுறாங்க?" என்று அவர் கேட்ட கேள்விக்குத்தான் இந்தப் பந்தியே எழுதினேன்.

நோயெதிர்ப்பு எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும் ரி-கலங்களுக்கு (regulatory T cells) "அடக்கி" என்ற பெயரையும் விட்டுவிடுவோம். அந்தக் கலங்களின் வேலை அடக்குவது மட்டுமல்ல. வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானை வாய்க்காலை மூடிவைப்பவர் அல்லவே, எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு என்று பார்த்துத் திறப்பவர். ஷிமோன் சக்காகுச்சி 1995இல் வெளியிட்ட ஆய்வில், சிடி25 என்ற புரதத்தைத் தாங்கிய இந்த வகைக் கலங்களை அகற்றிவிட்டு மிச்சத்தைத் தைமசு இல்லாத எலிகளுக்கு ஏற்றினார். உடல் தன்னையே தாக்கும் நோய்கள் வந்தன. அகற்றியதையும் சேர்த்துக் கொடுத்தபோது வரவில்லை. 2025ஆம் ஆண்டு நொபெல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். நம் பாடநூல் வழக்கையொட்டி "சீராக்கி ரி-கலம்", "நிர்ப்பீடனச் சீராக்கம்" (நிர்ப்பீடனம் என்றால் நோயெதிர்ப்பு) என்று வைக்கலாம்.

அந்தப் பரிசு அறிவிப்பில் வந்த மற்றச் சொல்லுக்கு, உடல் தன் கலங்களைத் தாக்காமல் விட்டுவிடும் இயல்புக்கு, "சகிப்பு" என்று எழுதுகிறார்கள். எனக்குப் "பொறுதி" பிடித்திருக்கிறது. அக்கா என்ன சொல்கிறீர்கள்? வெள்ளிக்கிழமை பெரியம்மாவிடம் திருத்திய தாளைக் கொண்டுபோகிறேன், அதற்கு முன் எழுதினால் நல்லது.