ஏலகிரியில் குடியேறுகிறோம்: பன்னிரண்டு மாதமும் வெளியில் என்ன செய்யலாம்?

கேள்வி: ஆற்காட்டு அம்மணி

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு ஏலகிரி மலையில் வேலை கிடைத்திருப்பதால், வரும் ஆனி மாதம் முதல் அத்தனாவூரில் வாடகை வீட்டில் குடியேறவிருக்கிறோம். ஏழாம் வகுப்புக்குச் செல்லும் மகனும் நான்காம் வகுப்புக்குச் செல்லும் மகளும் இருக்கிறார்கள். மூட்டு வலியுள்ள என் மாமியாரும் உடன் வருகிறார்.

ஏலகிரியைப் பற்றித் தேடினால் புங்கனூர் ஏரியில் படகு, அருகிலுள்ள இயற்கைப் பூங்கா, தொலைநோக்கி இல்லம், மே மாதக் கோடை விழா என்று ஒரே பட்டியல்தான் திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. அவை ஒரு நாள் வந்து போகிறவர்களுக்குப் போதும். அங்கேயே வசிப்பவர்கள் ஆண்டு முழுவதும் வெளியில் எப்படிப் பொழுதைக் கழிக்கிறார்கள், எந்த மாதத்தில் எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். பிள்ளைகள் வீட்டுக்குள் கைப்பேசியோடு அடைந்து கிடக்கக் கூடாது என்பதே என் முதல் கவலை.

பதில்: அத்தனாவூர்வாசி

வணக்கம் அம்மா. மலைக்கு நல்வரவு. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கீழேயிருந்து வருகிறவர்கள் 'சீசன்' என்று சொல்லும் மே மாதம், இங்கே வசிப்பவர்களுக்கு வெளியில் திரிய ஏற்ற மாதங்களுள் கடைசியானது. மலையின் மேல்தளம் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் 6 டிகிரி அளவுக்குக் குறையும் என்பது பொதுக் கணக்கு. வேலூரும் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கு மேல் இருப்பதால், உங்களுக்குக் கிடைக்கும் சலுகை 5 டிகிரிதான். வேலூரில் 40 டிகிரி கொளுத்தும் நண்பகலில் இங்கும் வெயில் வெயில்தான். அதோடு வாகன நெரிசலும் சேர்ந்துகொள்ளும். மே மாதத்தில் காலை எட்டு மணிக்குள் நடையை முடித்துக்கொண்டு, பிறகு பலா மர நிழலில் உட்கார்ந்து சுளை பிரிப்பதே நாங்கள் செய்வது.

எங்கள் நாள்காட்டியைத் தீர்மானிப்பவை மழையும் சருகும். நீங்கள் வரும் ஆனியில் தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை காலைகள் தெளிவாக இருக்கும். நண்பகலில் புழுக்கம் ஏறும், மூன்று மணிக்கு மேல் மேற்கே மேகம் கறுக்கும், மாலையில் இடியோடு மழை கொட்டும். வடஆற்காட்டுப் பகுதியின் தென்மேற்குப் பருவ மழை பெரும்பாலும் இப்படி மாலை இடிமழையாகவே வரும் என்பது ஆற்காட்டில் வளர்ந்த உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் மலையில் அதன் பொருள் வேறு. மங்களம் கிராமத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்கு ஏறுகிறவர்கள் அந்த மாதங்களில் விடியற்காலையிலேயே கிளம்பி, உச்சிவெயிலுக்கு முன் இறங்கிவிட வேண்டும். மலைத்தொடரின் உயர்ந்த அந்த உச்சி 4,300 அடிக்கு மேல் இருக்கிறது. இடி இடிக்கும் நேரத்தில் அங்கே நிற்பவர்தான் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருள். இடிச் சத்தம் கேட்டவுடன் திரும்பிவிடுங்கள். கடைசி இடி ஓய்ந்து அரை மணி நேரம் ஆகும் வரை திறந்த பாறைக்குப் போகாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவ மழை. சில நாட்கள் காலை பத்து மணி வரை எதிர்வீட்டுத் திண்ணைகூடத் தெரியாத அளவுக்கு மூடுபனி இருக்கும். புயல் சின்னம் உருவானால் இரண்டு மூன்று நாட்கள் வெளியே தலைகாட்ட முடியாது. அது விட்டவுடன் மலை முழுவதும் ஓடைகள் பிறந்துவிடும். பெரியவர்கள் படகு, பூங்கா என்று தேடட்டும். பிள்ளைகளுக்கு அந்த ஓடைகள் போதும். தை, மாசித் தொடக்கம்தான் ஆண்டின் பொற்காலம்: வானம் தெளிந்திருக்கும், தரை காய்ந்திருக்கும், எவ்வளவு தூரம் நடந்தாலும் வியர்க்காது.

அதற்குப் பிறகு கவனம் தேவை. எங்கள் காடு இலையுதிர்க் காடு. தை முடியும்போது இலை கொட்டத் தொடங்கி, மாசியில் முழங்கால் புதையும் சருகாகிவிடும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் பலர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளுடன் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் ஏலகிரி–சுவாமிமலைப் பாதையும் ஜலகாம்பாறைப் பாதையும் இருக்கின்றன. இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர் ஒருவர் வழிகாட்டியாக வருவார். தீக்காலம் என்று பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அந்தப் பாதைகளை மூடிவிடுவார்கள். வேலியா போட்டிருக்கிறார்கள் என்று புகுந்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சரிவில் தீ மேல்நோக்கிப் பாயும். கீழே எரியும் தீயின் வெப்பமே மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுவதால், மேலே ஓடுகிற மனிதனைவிட அது வேகமாக ஏறும். எப்போதாவது அப்படி மாட்டிக்கொண்டால், சருகில்லாத பாறையையோ ஏற்கெனவே எரிந்து கருகிய தரையையோ நோக்கிப் பக்கவாட்டில் போக வேண்டுமே தவிர, உச்சியை நோக்கி ஓடக் கூடாது.

அந்த இரண்டு மாதங்களில் காட்டை விட்டு ஊர்ச் சாலைகளுக்கு மாறிவிடுங்கள். மலையில் சிற்றூர்கள் பதினான்கு. அத்தனாவூரிலிருந்து நிலாவூர் வரை கால்நடையாகப் போனாலே வயல், ஏரி, கதவநாச்சியம்மன் கோயில் என்று பார்க்க நிறைய உண்டு.

பதில்: வாணியம்பாடி மிதிவண்டியன்

மகனுக்கு ஏழாம் வகுப்பு என்றால் மிதிவண்டி வாங்கிக் கொடுங்கள் அக்கா. மேல்தளம் கிண்ணம்போல் இருப்பதால் ஊர்களுக்கிடையே செங்குத்தான ஏற்றங்கள் குறைவு, பிள்ளைகளே ஓட்டலாம். பொன்னேரியிலிருந்து மேலே வரும் மலைப்பாதை வேறு கதை. புலவர்கள், வள்ளல்கள் பெயர் சூட்டிய பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்து ஏற எங்கள் ஊரிலிருந்தும் ஜோலார்பேட்டையிலிருந்தும் விடியற்காலையில் கூட்டமாகக் கிளம்புவோம். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு மேல் அந்தப் பாதையில் மிதிவண்டியை எடுக்கவே கூடாது. வளைவு எடுக்கத் தெரியாத வண்டிகள் அன்றுதான் அதிகம்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் சக்கர விளிம்பு கொதித்து ட்யூப் வெடிக்கும் அளவுக்குப் போய்விடும். முன்னும் பின்னும் மாற்றி மாற்றி, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும்; வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும், வளைவுக்குள் அல்ல. உங்கள் கணவர் ஸ்கூட்டரில் வந்து போவதாக இருந்தால் அவருக்கும் இதே விதிதான். கியர் வண்டி என்றால் எந்தக் கியரில் ஏறினாரோ அதே கியரில் இறங்கச் சொல்லுங்கள். கையில் தின்பண்டப் பையோடு வளைவில் நிற்க வேண்டாம். குரங்குகளுக்கு அதுவே காலை உணவு.

பதில்: செவிலியர் ஒருவர்

வெளியில் என்ன செய்யலாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் திரும்பி வந்த பிறகு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வேலூர் வட்டாரத்தில் உண்ணிக்காய்ச்சல் புதிதன்று. மழை தொடங்கியதிலிருந்து குளிர் முடியும் வரை அது அதிகமாக வரும். புதர்களிலும் உயரமான புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் வருகிறது. கடித்தது தெரியாது; வலிக்காது, அரிக்காது. சில நாட்கள் கழித்துக் காய்ச்சல், தலைவலி, உடல்வலி என்று தொடங்கும்போது, அக்குளிலோ இடுப்புப் பட்டியின் அடியிலோ தொடை இடுக்கிலோ சிகரெட் நுனியால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு இருக்கும், அதைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையமும் தெரியும். பிள்ளைகள் அதைக் காட்டமாட்டார்கள். நாம்தான் குளிப்பாட்டும்போது பார்க்க வேண்டும். மருத்துவரிடம் "புதருக்குள் விளையாடினான்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல மறக்காதீர்கள். டாக்சிசைக்ளின் போன்ற மருந்தைக் காலத்தில் தொடங்கினால் விரைவில் குணமாகும். சாதாரணக் காய்ச்சல் என்று ஒரு வாரம் வீட்டிலேயே வைத்திருந்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை பாதிக்கும். முழுக்கை, முழுக்கால் சட்டை, காலுறைக்குள் செருகிய கால்சட்டை நுனி, வீடு திரும்பியவுடன் சோப்புப் போட்டுக் குளியல், கழற்றிய துணியைக் கட்டிலில் போடாமல் நேராகத் துவைக்கப் போடுதல் ஆகியவை போதும். இதற்காகப் பிள்ளைகளைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

பதில்: திருப்பத்தூர் தமிழாசிரியர்

மேலே சொன்னவற்றோடு ஒரு திருத்தமும் ஒரு சேர்க்கையும்.

திருத்தம் ஓடைகளைப் பற்றியது. நிலாவூர்ப் பக்கத்திலிருந்து இறங்கும் அட்டாற்று நீர்தான் திருப்பத்தூர்ப் பக்கத்தில் ஜலகாம்பாறை அருவியாக விழுகிறது. மேல்தளத்தில் கொட்டும் மழை சற்று நேரம் கழித்துத்தான் கீழே வந்து சேரும். அருவியில் குளிப்பவர் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே செம்மண் கலந்த வெள்ளம் இறங்கிவிடும். ஆகவே மழை விட்டவுடன் போவது தவறு. இரண்டு மூன்று நாட்கள் விட்டு, நீர் தெளிந்த பிறகு செல்லுங்கள். நீர் திடீரென நிறம் மாறினாலோ சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ அந்தக் கணமே கரையேறிவிட வேண்டும். கோடையில் அங்கே நீர் நூலாகிவிடும் என்பதால், அருவி பார்க்கும் ஆசையைக் கார்த்திகை, மார்கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கை இரவைப் பற்றியது. இதை யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு வியப்பு. மூட்டு வலியுள்ள உங்கள் மாமியார் ஓர் அடிகூட நடக்காமல் நாற்காலியில் அமர்ந்தபடியே கலந்துகொள்ளக்கூடியது வானம் பார்த்தல். இதே மாவட்டத்தில், ஆலங்காயம் வழியாகப் போனால் ஜவ்வாது மலைச் சரிவில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் உள்ளது. இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஊர் வெளிச்சம் இல்லாமை மட்டும் காரணமன்று; நிலநடுக்கோட்டுக்கு 12½ டிகிரி வடக்கிலேயே இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியும் கண்ணுக்குக் கிடைக்கிறது. அந்த வாய்ப்பு உங்கள் மொட்டைமாடிக்கும் உண்டு. மாசி மாத இரவு ஒன்பது மணியளவில் தெற்கே நோக்கினால், தொடுவானத்திலிருந்து கால்பங்கு உயரத்தில் அகத்திய நட்சத்திரம் தனியாகச் சுடர்விடும். அதற்கு நேர் மேலே அதைவிடப் பிரகாசமாக இருப்பது சிரியஸ். சித்திரை முடிந்து வைகாசி பிறக்கும் நாட்களில் அதே நேரத்தில் தென்சிலுவை என்னும் விண்மீன் கூட்டம் தாழ்வாக நிமிர்ந்து நிற்கும். தில்லியில் இருப்பவர்களால் அதை முழுதாகப் பார்க்கவே முடியாது. மழைக்காலத்தில் இந்த வேலை நடக்காது. தை முதல் வைகாசி வரைதான். காட்டுப்பாதைகள் மூடியிருக்கும் இரண்டு மாதங்களும் இதற்குள் அடங்கிவிடுகின்றன. காவலூருக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வதாக இருந்தால், பார்வையாளர் நாளை முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பதில்: போளூர் வழிப்போக்கன்

எல்லோரும் ஏலகிரிக்குள்ளேயே சுற்றுகிறீர்கள். விடுமுறை நாட்களில் ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூர் பக்கம் போய் வாருங்கள். ஏலகிரியில் விடுதிகளுக்கு நடுவே மலையைத் தேட வேண்டியிருக்கிறது, ஜவ்வாதில் அந்தத் தொல்லை இன்னும் வரவில்லை. பீமன் அருவி, ஏரியில் படகு ஆகியவை ஊரை ஒட்டியே இருக்கின்றன. கீழ்சேப்பிளியில் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகளை ஊர்மக்கள் குள்ளர் வீடு என்பார்கள். பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த அந்தச் சிறு அறைகளைப் பார்த்தால் உங்கள் மகள் அங்கிருந்து கிளம்பமாட்டாள். அவற்றின் மேல் ஏற மட்டும் விடாதீர்கள். ஐப்பசியில் போனால் சாமை அறுவடையையும் பார்க்கலாம். வரும்போது மலைத்தேனும் புளியும் வாங்கிக்கொள்ளலாம்.

பதில்: ஆற்காட்டு அம்மணி

அனைவருக்கும் மிக்க நன்றி. செவிலியர் அம்மா சொன்ன பொருக்கைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை; குறித்து வைத்துக்கொண்டேன். ஆசிரியர் ஐயா சொன்னதை மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். அகத்தியரைப் பார்க்க மாசி வரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்கிறார். இன்னொரு ஐயம்: அவர் தினமும் அரை மணி நேரமாவது சமதரையில் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்கு ஏற்ற இடம் எது?

பதில்: அத்தனாவூர்வாசி

ஏரிக்கரையை ஒட்டிய நடைபாதைதான் அம்மா. கூட்டமில்லாத வார நாட்களில், காலை ஏழரைக்கு மேல் போகச் சொல்லுங்கள். அதற்கு முன் பனி ஈரத்தில் கால் வழுக்கும். கார்த்திகை, மார்கழிக் குளிரில் மூட்டுப் பிடிப்பு அதிகமாகும் என்பதால் அந்த மாதங்களில் வெயில் நன்றாக ஏறிய பிறகு, ஒன்பதரைக்குப் போனால் போதும். கைத்தடி ஒன்று எப்போதும் இருக்கட்டும், குரங்குக்கும் உதவும். அகத்தியரை அவ்வளவு நாள் காத்திருந்து பார்க்க வேண்டியதில்லை. மார்கழிக் கோலத்துக்கு மாமியார் நான்கு மணிக்கே எழுந்துவிடுவாரென்றால், மேகம் இல்லாத நாளில் தென்மேற்கே பார்க்கச் சொல்லுங்கள்.